ஒரு தையலில் பிடிபட்ட கணவன்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தால் வெள்ளைத் துணியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. புது வகுப்புத் தொடங்குவதற்குள் பள்ளிச் சீருடைகளைத் தைத்து முடிக்க வேண்டும். மட்டக்களப்புக் கல்லடியில், பாலம் தாண்டிக் கடற்கரைப் பக்கம் கிறுகுகிற ஒழுங்கை ஒன்றில் என் கடை. கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு மெஷின், துணி விளிம்பு அடிக்கிற ஓவர்லொக் ஒன்று, துணி வெட்டுகிற மேசை, அம்மா. அவ்வளவுதான். அப்படியான ஒரு நாள், வெளியே அடைமழை, பிள்ளைகளுக்கு விடுமுறை. இரண்டு பேரின் சண்டையும் தாங்க முடியாமல் மச்சாளின் மகன் கொண்டுவந்த மடிக்கணினியில் ஒரு படத்தைப் போட்டுவிட்டேன். அதுகள் பார்க்கட்டும், நான் நாலு சட்டைக்குக் கொலர் வைத்து முடிக்கலாம் என்பது கணக்கு. 115 நிமிடப் படம். பாதிக்கு வருவதற்குள் என் கால் பெடலை விட்டு எடுபட்டுவிட்டது.

படத்தின் பெயர் த இன்கிரெடிபிள்ஸ். பிக்ஸார் எடுத்தது, எழுதி இயக்கியவர் பிராட் பேர்ட், வெளியானது 2004 நவம்பரில். இருபது வருசம் பழைய படத்துக்கு இப்போது என்ன விமர்சனம் என்று கேட்பீர்கள். நான் தேடிப் பார்த்தவரை இந்தப் படத்தைப் பற்றித் தையல்காரர் யாரும் எழுதியிருக்கக் காணோம். அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

கதை சுருக்கமாக இதுதான். பொப் என்பவன் ரயிலையே தோளால் மறித்து நிற்கிற பலசாலி. ஹெலன் உடம்பை எவ்வளவு தூரமும் இழுத்து நீட்டக்கூடியவள். இரண்டு பேரும் கல்யாணம் கட்டுகிறார்கள். அதோடு சேர்த்து வினையும் வருகிறது. சாகப் போனவனைக் காப்பாற்றினால் “என்னை ஏன் காப்பாற்றினாய்” என்று அவன் வழக்குப் போடுகிறான். ரயிலில் அடிபட்டவர்களும் வழக்குப் போடுகிறார்கள். வழக்குக்கு மேல் வழக்காகி, கடைசியில் அரசாங்கம் இப்படி அதிசய பலம் உள்ள எல்லா மாவீரர்களையும் சாதாரண மனிதர்களாக ஒளிந்து வாழச் சொல்லிவிடுகிறது. பதினைந்து வருசம் கழித்துப் பார்த்தால் பொப்புக்குத் தொப்பை, மூன்று பிள்ளைகள், காப்புறுதிக் கந்தோரில் வேலை. அவன் ஏறுகிற கார் அவனுக்கு இரண்டு அளவு சின்னது. ஆள் காருக்குள் போவது, போன வருசத்துச் சட்டைக்குள் என் மகனைத் திணிப்பது மாதிரியே இருக்கும்.

அந்தக் கந்தோர்க் காட்சியை நான் சும்மா தாண்டிப் போக மாட்டேன். வயதான ஒரு அம்மா தன் கோரிக்கை மறுக்கப்பட்டதென்று வந்து அழுகிறா. பொப் வெளியில் கேட்கிற மாதிரி “ஒன்றும் செய்ய முடியாது” என்கிறான். மறுகா குரலைத் தாழ்த்தி எந்தப் படிவத்தை, எந்த மாடியில், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறான். வெளியே போகும்போது கோபப்பட்டது மாதிரி நடிக்கும்படியும் சொல்கிறான். படம் பார்க்கிற பெரியவர்கள் பலருக்கு இது ஒரு பகிடி. எனக்கு இது நடந்திருக்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் மெஷின் இரண்டும் தண்ணீருக்குள் நின்றன. சின்னக் கடன் ஒன்றோடு சேர்த்து எடுத்த காப்புறுதி இருந்தது. போய்க் கேட்டால் வெள்ளத்துக்குக் கிடையாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். கதிரையை விட்டு எழும்பும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பொடியன், பேனையைத் தேடுகிற சாட்டில் குனிந்து, “கிராம சேவகரிடம் கடிதம் ஒன்று எடுத்து, இந்தப் பிரிவு என்று எழுதி, புதன்கிழமை வாங்க அக்கா” என்றான். புதன்கிழமை போனோம். ஒரு மெஷினுக்குக் காசு வந்தது. ரயிலை மறிக்கிற பலம் இல்லாதவனும் அதே வேலையைத்தான் செய்தான். படம் எடுத்தவர்கள் அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

இனித் தையலுக்கு வருகிறேன். பொப் வேலையிழந்த அன்றே அவனுக்கு ஒரு இரகசிய அழைப்பு வருகிறது. தீவொன்றுக்குப் போய் ஒரு யந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், நல்ல சம்பளம். மனைவியிடம் வேலை போனதையும் சொல்லவில்லை, இதையும் சொல்லவில்லை. ஏதோ மாநாடு என்று சொல்லிவிட்டுப் போகிறான். (பிள்ளைகளின் அப்பா கட்டாரில் இருக்கிறார். அந்த இடத்தில் என் மகள் என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். நான் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.) சண்டையில் பொப்பின் பழைய உடை கிழிகிறது. அதைத் தைத்துத் தர எட்னா என்ற தையல்காரியிடம் கொண்டுபோகிறான். எட்னா கிழிசலை மூடிக் கொடுத்து, புது உடையும் தைக்கிறா. பொப் பழைய உடையை வீட்டில் தன் அறைச் சுவரில், இருந்த இடத்திலேயே மாட்டிவைக்கிறான். யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறான்.

அவன் திரும்பவும் “மாநாட்டுக்கு”ப் போன பிறகு ஹெலன் அந்த அறையைத் துப்புரவாக்குகிறாள். கண் உடையில் போய் நிற்கிறது. கிழிந்து தைத்த ஒரு கோடு. அவ்வளவுதான். அந்தத் தையலை உலகத்தில் ஒருத்தியால்தான் போட முடியும் என்று அவளுக்குத் தெரியும். போனை எடுத்து எட்னாவுக்கு அடிக்கிறாள். முழுக் கதையும் அந்த இடத்தில் கிறுகுகிறது.

நான் மெஷினை நிறுத்தியது அங்கேதான். எத்தனை படம் பார்த்திருக்கிறோம். களவாய்ப் போன கணவன் கடிதத்தில் பிடிபடுவான், போனில் பிடிபடுவான், ஊர்க்கதையில் பிடிபடுவான். இந்தப் படத்திலும் முதலில் கோட்டில் ஒட்டின தலைமயிர் ஒன்று வருகிறது. ஆனால் சந்தேகத்தை உறுதியாக்குவது ஒரு மடிப்புத் தையல். இது தையல் தெரிந்தவர்களுக்குத்தான் எவ்வளவு சரி என்று புரியும். என்னிடம் திருத்தக் கொண்டுவருகிற உடுப்பைக் கையில் எடுத்த உடனே சொல்லிவிடுவேன், இது அம்மா தைத்தது, இது ரவுண் கடையில் அவசரத்துக்குப் போட்டது, இது வீட்டில் யாரோ கையால் இழுத்தது. இழையின் நீளம், தொடக்கத்தில் போட்ட முடிச்சு, மூலையில் எப்படித் திருப்பியிருக்கிறார்கள் என்பது கையெழுத்து மாதிரி. பிராட் பேர்ட் வீட்டில் யாராவது தையல்காரர் இருந்திருக்க வேண்டும் என்று அம்மா சொன்னா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பார்க்கத் தெரிந்த மனிசன்.

எட்னாவைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. உயரம் பொப்பின் இடுப்பளவு. வட்டக் கண்ணாடி, அரிவாளால் நேர்கோடு போட்டு வெட்டின மாதிரித் தலைமயிர். அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் இயக்குனர் பிராட் பேர்ட்தான் என்று பிறகு தெரிந்தபோது மகன் நம்பவே இல்லை. ஒரு ஆம்பிளைக் குரல் என்று நானும் நினைக்கவில்லை. பொப் தன் புது உடைக்கு முதுகில் பறக்கிற கேப் வேண்டும் என்று கேட்கிறான். எட்னா முடியாது என்கிறா. ஏன் என்று கேட்டதற்கு, கேப் போட்டுச் செத்த மாவீரர்களின் பட்டியலை வருசத்தோடு வாசிக்கிறா. ஒருவன் ஏவுகணையில் சிக்கினான், ஒருத்தி விமானத்தின் இயந்திரத்துக்குள் இழுபட்டாள், ஒருவன் மின்தூக்கியில் மாட்டினான். என் கடைக்கு வருகிற பிள்ளைகள் நீளமான சால்வையோடு மோட்டார்சைக்கிளின் பின்னால் இருந்து போவதைப் பார்த்தால் நானும் இந்த மாதிரித்தான் கத்துவேன். சில்லுக்குள் போய்ச் சுற்றினால் கழுத்து மிஞ்சாது. ஆகவே எட்னா பேசுவது எனக்குப் பகிடியாகப் படவில்லை, தொழில் பேச்சு. தொங்குகிற துணி எதுவும் தைக்கிறவளின் பொறுப்பு. கடைசியில் வில்லன் சாவதும் தன் கேப்பாலேயே, விமான இயந்திரத்துக்குள் இழுபட்டு. பாதிப் படத்துக்கு முன் சிரிப்புக்காகச் சொன்ன ஒரு கதையை, அங்கே கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். நூல் விட்டு முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள்.

பிறகு எட்னா ஹெலனுக்கு முழுக் குடும்பத்தின் உடைகளையும் காட்டுகிற காட்சி. ஹெலன் கேட்காமலே தைத்து வைத்திருக்கிறா. பேபிக்கு ஒன்று, 1000 பாகைக்கு மேல் வெப்பம் தாங்கும், துவக்குச் சூட்டையும் தாங்கும், மெஷினில் போட்டும் துவைக்கலாம். நான் அந்தக் கடைசி வார்த்தைக்குக் கைதட்டினேன். எந்தத் தாயும் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே. மகனுடையது காற்று உரசிச் சூடாகாத துணி. மகளுடையது அவள் மறைந்தால் தானும் மறையும். தாயுடையது எவ்வளவு இழுபட்டாலும் வடிவம் கெடாது, உள்ளே காற்றும் போகும். ஆளுக்கு ஆள் அளவு, ஆளுக்கு ஆள் துணி. ஆனால் நிறமும் அடையாளமும் ஒன்று. வருசம் முழுக்க ஒரே வெள்ளைத் துணியை நூறு உடம்புக்கு வெட்டுகிற எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருந்தது. அதே எட்னா ஒவ்வொரு உடைக்குள்ளும் இருக்கும் இடத்தைக் காட்டுகிற கருவியையும் வைத்திருக்கிறா. ஹெலன் பதற்றத்தில் அதை அழுத்த, தீவில் ஒளிந்திருந்த பொப்பின் உடை சத்தம் போட, அவன் பிடிபடுகிறான். மனைவியின் சந்தேகமும் தையல்காரியின் அக்கறையும் சேர்ந்து அவனைக் காட்டிக்கொடுக்கின்றன. அதுவும் தையலிலேயே.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் படம் எடுபடுவது சண்டையால் என்று நான் நினைக்கவில்லை. சண்டை நல்லாத்தான் இருக்கிறது. பொப்பின் மகன் டாஷ் காட்டுக்குள் ஓடி, நிற்கத் தெரியாமல் தண்ணீர் மேலேயே ஓடிப் போய், தான் மிதக்கவில்லை ஓடுகிறேன் என்று தெரிந்து சிரிக்கிற இடத்தில் என் மகன் கதிரையில் ஏறி நின்றான். ஆனால் வீட்டுக்குள் இருக்கிற சின்னச் சாமானுக்கும் சண்டைக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கிழிசல், ஒரு தலைமயிர், அளவு போதாத கார், சாப்பாட்டு மேசை.

மேசைக் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். அக்காவும் தம்பியும் இரவுச் சாப்பாட்டில் அடிபடத் தொடங்குகிறார்கள். அவன் வேகத்தில் ஓடி அடிக்கிறான், அவள் மறைந்தும் தடுப்புப் போட்டும் திருப்பிக் கொடுக்கிறாள். தாய் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி ஒன்றைப் பிடிக்க, மற்றது மேசைக்குக் கீழால் ஓட, இரண்டு கையும் இரண்டு பக்கம் இழுபட்டுக் கிடக்கிறாள். தகப்பன் பேப்பர் வாசிக்கிறான். கடைசியில் உதவி செய் என்று கத்தினால் மேசையை மொத்தமாகத் தூக்கிப் பிடிக்கிறான். அப்போது கதவு மணி அடிக்கிறது. அடுத்த நொடி எல்லாரும் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. முன்னறையில் முதலில் சிரித்தது அம்மாதான். “இவளப் பாரு, கை நீண்டுகொண்டே போகுது! எனக்கும் இப்பிடி ஒரு கை இருந்திருந்தா உங்கட மூணு பேரையும் அடுப்படியில இருந்தே பிடிச்சிருப்பன்” என்றா. பலசாலி தகப்பன், எல்லாப் பக்கமும் இழுபடுகிற தாய், யாரும் தன்னைப் பார்க்கக் கூடாதென்று நினைக்கிற பதின்ம வயதுப் பெண், ஒரு இடத்தில் இருக்க மாட்டாத பத்து வயதுப் பையன். மாவீரக் குடும்பம் என்று பேர் வைக்காவிட்டால் இது கல்லடியில் எந்த வீட்டிலும் இருக்கிற ஆட்கள்தான். என் மகளுக்குப் பதின்மூன்று. முகத்தை மறைக்கிற மாதிரி முன்மயிரை விடுகிறாள். வயலெட் என்ற அந்தப் பிள்ளையின் தலைமயிரைப் பார்த்ததும் மகன் அக்காவைத் திரும்பிப் பார்க்க, அடி விழுந்தது. அந்த நீளமான தலைமயிரைக் கணினியில் அசைப்பது அந்தக் காலத்தில் பெரும் பாடாம். அதற்கு முன் பிக்ஸார் எடுத்தவை பொம்மை, பூச்சி, மீன், பூதம். முழுக்க மனிதர்களை வைத்து அவர்கள் எடுத்த முதல் படம் இதுதான்.

கடல் காட்சியைப் பற்றிக் கொஞ்சம். தாயும் பிள்ளைகள் இருவரும் போகிற விமானத்தை ஏவுகணை அடித்து உடைக்கிறது. தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கீழே விழும்போது உடம்பை விரித்துக் குடையாகிறாள். கடலில் விழுந்ததும் பிள்ளைகள் கத்துகிறார்கள். நடுக்கடலில் வைத்து, இப்படிக் கத்தினால் ஒரு மாதத்துக்கு வெளியே விட மாட்டேன் என்று அவள் வெருட்டுகிறாள். அதுதான் தாய். மறுகா உடம்பை வள்ளமாக வளைத்துக்கொண்டு மகளை மேலே ஏற்றுகிறாள், மகன் பின்னால் காலை அடித்து இயந்திரமாகிறான்.

படம் வெளியாகி ஏழு கிழமையில் எங்களுக்கு டிசம்பர் 26 சுனாமி வந்தது. நான் அப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளை. கடலோரத்து டச்பார்ப் பக்கமிருந்து ஓடி வந்தவர்களோடு நாங்களும் ஓடினோம். அம்மா அந்தக் காட்சி தொடங்கியதும் எழும்பி, உலை பார்க்கப் போகிறேன் என்று குசினிக்குப் போனா. உலை வைத்திருக்கவில்லை. காட்சி முடிந்து அவர்கள் தீவில் ஏறின பிறகு தேத்தண்ணியோடு வந்து இருந்தா. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளைகளோடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். குகைக்குள் வைத்துத் தாய் பிள்ளைகளிடம், இது சனிக்கிழமைக் காலை கார்ட்டூன் இல்லை, இந்த ஆட்கள் நீங்கள் சின்னப் பிள்ளைகள் என்று விட மாட்டார்கள் என்று நேராகச் சொல்கிறாள். படத்தில் ஆட்கள் சாகிறார்கள். அமெரிக்காவிலும் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கச் சொல்லும் சான்றிதழ் பெற்ற முதல் பிக்ஸார் படம் இதுதான். ஐந்தாறு வயதுக்குக் கீழே என்றால் பக்கத்தில் இருங்கள். மற்றபடி பயமில்லை.

எனக்குப் பிடிக்காதது ஒன்றும் இருக்கிறது. வில்லன் சின்ரோம். சின்னப் பையனாக இருந்தபோது பொப்பின் பரம இரசிகன். தானே செய்த பறக்கும் சப்பாத்தோடு உதவி செய்ய வருகிறான், பொப் அவனைத் துரத்திவிடுகிறான். அதில் கறுவிக்கொண்டு வளர்கிறவன், யந்திரங்கள் செய்து பழைய மாவீரர்களைக் கொன்று, கடைசியில் தன் கண்டுபிடிப்புகளை எல்லாருக்கும் விற்று, எல்லாரையும் மாவீரர் ஆக்கப் போகிறேன், அப்போது ஒருவரும் மாவீரர் இல்லை என்று சொல்கிறான். கொலைகாரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிறப்பில் பலம் இல்லாமல் கையால் செய்து முன்னுக்கு வந்த ஒரே ஆள் வில்லனாகவும், பிறப்பிலேயே பலம் வந்தவர்கள் நல்லவர்களாகவும் இருப்பது எனக்குக் கொஞ்சம் இடித்தது. கைத்தொழில் செய்கிறவள், வேறென்ன சொல்வேன். இதை மகளிடம் சொன்னேன். “எட்னாவுக்கும் பலம் ஒண்டும் இல்லத்தானே அம்மா” என்றாள். சரி, அதுவும் உண்மை. பாதிக் குறையை எடுத்துக்கொள்கிறேன், மீதி இருக்கட்டும்.

பொப்பின் கூட்டாளி லூசியஸ் தன் உடையைத் தேடி மனைவியோடு சண்டை பிடிக்கிற காட்சி வேறு. ஜன்னலுக்கு வெளியே ஊர் அழிகிறது, இவர் உடை எங்கே வைத்தாய் என்று கத்துகிறார், உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வருகிறது. அந்த மனைவியின் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். எந்த நேரத்திலும் உடுப்பு எங்கே இருக்கிறதென்று மனைவிக்குத்தான் தெரியும், எங்கே போகிறாய் என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கவும் மாட்டாள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

இசை மைக்கேல் ஜியாக்கினோ. பெரிய ஸ்டூடியோப் படம் ஒன்றுக்கு அவர் அமைத்த முதல் இசை இது. எக்காளமும் மேளமுமாய்ப் பழைய உளவாளிப் படங்களின் சாயல், மெஷின் ஓட்டுவதற்கு ஏற்ற தாளம். படத்துக்கு இரண்டு ஒஸ்கார் கிடைத்தது, சிறந்த அனிமேஷன் படத்துக்கும் ஒலித் தொகுப்புக்கும். உடைக்கு ஒன்று கொடுத்திருக்கலாம், கணினித் துணிக்குக் கொடுக்க மாட்டார்கள் போல.

பதினாலு வருசம் கழித்து, 2018 இல் வந்த இரண்டாம் பாகத்தையும் அடுத்த நாளே பார்த்தோம். அதில் தாய் வேலைக்குப் போகிறாள், தகப்பன் வீட்டில் பேபியோடும் கணக்குப் பாடத்தோடும் மல்லுக்கட்டுகிறான். சிரிப்பு இருக்கிறது. ஆனால் எட்னாவைப் பேபி பார்க்கிற ஆளாக ஆக்கிவிட்டார்கள், வில்லன் யாரென்று என் மகன் அரைவாசியிலேயே சொல்லிவிட்டான். ஒரு தடவை பார்க்கலாம். முதல் பாகத்தை நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன், கொலர்கள் அப்படியே கிடக்கின்றன.

முதல் நாள் படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போனது. மடிக்கணினியில் சார்ஜ் இருந்ததால் தப்பினோம். முடிந்த பிறகு அம்மா, எட்னாவின் வீட்டுக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னா. பெரிய மண்டபம், வெள்ளைச் சுவர், பளபளப்பான நிலம். இரண்டு தடவை உற்றுப் பார்த்தா.

“தச்சுக் குடுக்கிறவள்ற வீடாம்” என்றா. “நிலத்தில ஒரு நூல் துண்டு கிடக்குதா பாரு புள்ள. எல்லாத்தையும் நம்புறன். இத மட்டும் நம்ப மாட்டன்.”